கையில் சுற்றக்கூடாத கயிறு

குதிரையின் எடை 500 கிலோ. அதைப் பிடித்திருப்பவரின் எடை 60 கிலோ. நடுவே ஏழெட்டு மீட்டர் நீளத்தில் ஒரு பட்டைக் கயிறு. மனிதர் மையத்தில் நிற்க, குதிரை கயிற்றின் மறுமுனையில் அவரைச் சுற்றி வட்டமிடுகிறது. குதிரையேற்றப் பள்ளிகளில் லஞ்சிங் என்று சொல்லப்படும் இந்தப் பயிற்சியைத் தூரத்திலிருந்து பார்த்தால், மனிதர் தன் கைவலுவால் குதிரையை வட்டத்துக்குள் கட்டிவைத்திருப்பதாகத் தோன்றும். அந்த வலு எந்த மனிதருக்கும் கிடையாது. இருப்பதாக நம்பிக் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தரையோடு இழுபட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

அதனால்தான் நல்ல பள்ளிகளில் முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறார்கள். கயிறு கைக்குள் மடிந்து கிடக்கலாம். கையைச் சுற்றிக் கிடக்கக்கூடாது. சின்ன விதிதான். ஆனால் அது ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் உடற்கூறியலும் வேண்டும். குதிரையின் சுபாவமும் தெரிந்திருக்க வேண்டும்.

லஞ்சிங்கின் பயன்கள் பல. முதுகில் ஆள் ஏறுவதற்கு முன் இளங்குதிரைக்குக் குரல் கட்டளைகளைப் பழக்கலாம். நோயிலிருந்து மீண்டுவரும் குதிரைக்குப் பாரம் ஏற்றாமல் உடற்பயிற்சி கொடுக்கலாம். நடையில் நொண்டல் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கலாம். புதிதாகக் குதிரையேறக் கற்பவருக்கும் இதுவே முதல் பாடம். வியன்னாவில் 1735-ல் கட்டி முடிக்கப்பட்ட மண்டபத்தில் இன்றும் இயங்கும் ஸ்பானிஷ் குதிரைப் பள்ளி இதற்குப் பேர்போனது. அங்கே சேரும் மாணவர்கள் அங்கவடியும் லகானும் இல்லாமல், நீள்கயிற்றில் வட்டமிடும் லிப்பிஸானர் குதிரையின் மேல் வெறுமனே உட்காரப் பழகுகிறார்கள், அதுவும் மாதக்கணக்கில். மேலே இருப்பவரிடம் குதிரையைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. இரண்டு உயிர்களின் பொறுப்பும் நடுவில் நிற்பவரின் கயிற்றில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் கயிற்றின் மறுமுனையில் மனிதருக்குப் பதில் தூண் இருந்தது. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த அந்துவான் த புளுவினெல், குதிரையை ஒற்றைத் தூணோடு கட்டி அதைச் சுற்றி நடக்கவைத்துப் பழக்கினார். அவர் இறந்த பிறகு 1623-ல் வெளிவந்த அவருடைய நூலின் செதுக்கோவியங்களில் அந்தக் காட்சியைக் காணலாம். தூண் அசையாது. குதிரை வெருண்டால் வேகத்தின் அதிர்ச்சி முழுவதும் அதன் கழுத்தில் இறங்கும். மனிதக் கை அப்படியல்ல; இளகும், விட்டுக்கொடுக்கும், மறுபடி சேர்த்துக்கொள்ளும். தூணைவிட மனிதர் மேலான மையமாக இருப்பது இந்த விட்டுக்கொடுக்கும் திறத்தால்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்பவர் அந்த மேன்மையைத் தானே கைவிட்டுத் தூணாகிவிடுகிறார். ஆனால் தூணைப்போல அவர் நிலத்தில் ஊன்றப்பட்டிருக்கவில்லை.

வட்டத்தில் ஓடும் எந்தப் பொருளையும் ஏதோ ஒரு விசை மையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குறுக்கெதிர்க் கால்கள் ஜோடி ஜோடியாக விழும் டிராட் நடையில் 500 கிலோ குதிரை மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில், 8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதற்குத் தேவைப்படும் மையநோக்கு விசை ஏறத்தாழ 810 நியூட்டன். அதாவது 80 கிலோவுக்கும் சற்று மேலான எடையைத் தூக்கும் விசை. இதைக் கயிறு தருவதாக இருந்தால், நடுவில் நிற்பவர் முதல் சுற்றிலேயே குப்புற விழுந்திருப்பார். விசையைத் தருவது குதிரையின் குளம்புகள். அவை மண்ணை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன, மண் குதிரையை உட்புறமாகத் தள்ளுகிறது. அதற்கேற்ப உடல் உள்நோக்கிச் சாய்கிறது. மேலே சொன்ன வேகத்தில் சாய்வு சுமார் 9 பாகை. அடுத்த வேகமான கேன்டர் நடையில், மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில், அதே வட்டத்தில் சாய்வு 20 பாகையைத் தாண்டும். டிராட் வேகத்தை மாற்றாமல் ஆரத்தை மட்டும் 4 மீட்டராகக் குறைத்தால் விசை இரட்டிப்பாகிறது, சாய்வு 18 பாகையாகிறது.

இந்தக் கணக்கை ஏட்டில் போடாமல் அனுபவத்தில் போட்டவர் பிலிப் ஆஸ்ட்லி. பிரிட்டிஷ் குதிரைப்படையில் இருந்து வெளிவந்த அவர், 1768-ல் லண்டனில் குதிரை வித்தைகள் காட்டத் தொடங்கினார். ஓடும் குதிரையின் முதுகில் நிற்பதற்குத் தோதான வட்டம் எது என்று தேடி, கடைசியில் 42 அடி விட்டத்தில் நிலைத்தார். அதாவது சுமார் 13 மீட்டர். உலகம் முழுவதும் சர்க்கஸ் வளையத்தின் அளவு இன்றும் அதுதான். அந்த வட்டத்தில் கேன்டரில் ஓடும் குதிரையின் சாய்வு நிற்பவருக்குக் கைகொடுக்கிறது. சர்க்கஸ் குதிரைகள் அதற்கென்றே பழகியவை. பயிற்சியில் இருக்கும் சாதாரணக் குதிரைக்கோ மூட்டும் தசைநாரும் இன்னும் பக்குவப்படவில்லை. அதற்கு 15 முதல் 20 மீட்டர் விட்டம் வேண்டும். கயிற்றின் நீளம் ஏழெட்டு மீட்டராகவும் அதற்கு மேலாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

ஆக, குதிரை தானாகவே வட்டத்தில் சமநிலையோடு ஓடும்போது கயிற்றில் பெரிய இழுவிசை இருக்க வேண்டியதில்லை. நல்ல பயிற்சியாளரின் கயிறு தன் எடையாலேயே நடுவில் லேசாகத் தொய்ந்து, தரையைத் தொடாமல், கைக்கும் மூக்குக்கும் இடையே ஒரு மெல்லிய தொடர்பாக நிற்கும்.

சிக்கல் வருவது குதிரை வெருளும்போது. மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகள் தவிர ஏறக்குறைய 350 பாகையும் குதிரையின் பார்வைக்குள் வரும். இரையாக வாழ்ந்த விலங்கின் கண் அது. வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தால் போதும், முதலில் ஓடும், பிறகுதான் அது என்னவென்று பார்க்கும். மனிதரின் கண்ணில் பட்டது மூளைக்குப் போய்க் கையை அசைக்க ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகமெடுத்த குதிரை அதற்குள் ஒன்றரை மீட்டர் போயிருக்கும். விடுவதா பிடிப்பதா என்று யோசிக்க அந்த இடைவெளியில் இடமில்லை. போதாக்குறைக்கு, திடுக்கிட்ட கை இயல்பாகவே இறுகும். அப்போது என்ன நடக்கும் என்பதைக் கயிறு ஏற்கெனவே கையில் கிடக்கும் விதம் முடிவு செய்துவிடுகிறது.

கயிறு கையைச் சுற்றிக் கிடந்தால் நடப்பதைச் சொல்ல ஒரு பழைய வாய்பாடு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோனார்டு ஆய்லர், அவருக்குப் பின் வந்த ஜெர்மானியப் பொறியாளர் அய்டெல்வைன் ஆகியோரின் பெயரால் வழங்குவது அது. உருளையில் சுற்றிய கயிற்றின் பிடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கையோடு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் ஒரு முனையின் பிடிப்பு மறுமுனையில் 12 மடங்காகிறது. இரண்டு சுற்றில் சுமார் 150 மடங்கு. மூன்றாவது சுற்றில் 1,900 மடங்கை நெருங்குகிறது. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பலை ஒற்றை ஆள் வடத்தைத் தறியில் சுற்றி நிறுத்துவது இந்தக் கணக்கின் பலத்தில்தான்.

இதே கணக்கைக் கைக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு பதறும். சுற்றுக்குப் பின் தொங்கும் மீதிக் கயிற்றின் எடை வெறும் 200 கிராம் என்று கொள்வோம். இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால், யாரும் பிடிக்காமலேயே அந்த 200 கிராம் 30 கிலோ இழுப்பைத் தாங்கி நிற்கும். மூன்று சுற்று என்றால் 375 கிலோ வரை தாங்கும். அதாவது விரல்களை முழுக்க விரித்தாலும் கயிறு போகாது. ‘விட்டுவிடு, விட்டுவிடு’ என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். அவர் எப்போதோ விட்டுவிட்டார், கயிறுதான் அவரை விடவில்லை. கை இரும்புத் தறியும் அல்ல. இழுப்பு கூடக் கூடச் சதை நசுங்குகிறது, கயிறு உள்ளே புதைகிறது, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறிப் பூட்டிக்கொள்கிறது. உள்ளங்கை எலும்புகளை இரு பக்கமிருந்தும் இறுக்கும் சுருக்கு அது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இந்த இயற்பியலுக்கு ஒரு வேதனையான சாட்சியம் உண்டு. ரோடியோ விளையாட்டுகளில் இரண்டு குதிரைவீரர்கள் சேர்ந்து காளையைக் கயிறு வீசிப் பிடிப்பார்கள். கயிறு காளையின் கொம்பில் விழுந்ததும், வீரர் மறுமுனையைச் சேணத்தின் முன்கொம்பில் மளமளவென்று சுற்ற வேண்டும். அந்தக் கணத்தில் கட்டைவிரல் கயிற்றுக்கும் கொம்புக்கும் இடையே மாட்டினால் அது துண்டாகிவிடும். கை அறுவை மருத்துவர்கள் இதைத் தனி வகைக் காயமாகவே பதிவு செய்திருக்கிறார்கள். கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுற்றும் பழக்கம் அங்கே தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படுகிறது.

மோதிரம் இன்னொரு ஆபத்து. மோதிரம் கயிற்றிலோ கொக்கியிலோ மாட்டி இழுபட்டால், விரலின் தோலும் ரத்தக்குழாய்களும் எலும்பை விட்டு உரிந்து வரக்கூடும். அர்பேனியாக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1981-ல் இத்தகைய காயங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். ரத்த ஓட்டம் போதுமான அளவு இருப்பது முதல் தரம், அது தடைப்பட்டிருப்பது இரண்டாம் தரம், முழுவதுமாக உரிந்தோ துண்டாகியோ போவது மூன்றாம் தரம். திருமண மோதிரமானாலும் கயிற்றைத் தொடுமுன் கழற்றிவிட வேண்டும்.

சுற்றாமல் வெறுமனே இறுகப் பிடித்தால்? அப்போது கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும், உராய்வு வெப்பமாகும். 200 நியூட்டன் உராய்வோடு பிடித்த கையில் கயிறு நொடிக்கு 5 மீட்டர் ஓடினால் உண்டாகும் வெப்பத்தின் திறன் 1,000 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் திறன் அது. அந்த வெப்பத்தைக் கயிறும் தோலும் பங்கிட்டுக்கொள்கின்றன என்றாலும், தோலின் பங்கு ஒரே இடத்தில் குவிகிறது. மொரிட்ஸ், ஹென்ரிக்வெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-ல் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் தீக்காய மருத்துவத்தின் அடிப்படை. 44 பாகை செல்சியஸில் தோல் வெந்துபோகச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கிறது, 70 பாகையில் ஒரு விநாடிகூட வேண்டாம் என்று அவர்கள் கண்டார்கள். நைலான் கயிறு வழவழப்பாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் கையை அறுக்கும். பருத்தியால் நெய்த அகலப் பட்டை, அழுத்தத்தைப் பரப்பி, பிடிப்பதற்கும் இதமாக இருக்கும். எந்தக் கயிறானாலும் கையுறை கட்டாயம். ஆனால் கையுறை காப்பது தோலைத்தான். சுருக்கிலிருந்து விரலைக் காக்க அதனால் முடியாது.

அப்படியானால் மீதிக் கயிற்றை எப்படி வைத்துக்கொள்வது? வளையம் வளையமாகச் சுருட்டி அதற்குள் விரல்களை நுழைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இழுபடும்போது ஒவ்வொரு வளையமும் சுருங்கும். சரியான முறையில் கயிற்றை இப்படியும் அப்படியுமாகத் தட்டையாக மடித்து, மடிப்புகளை உள்ளங்கையில் குறுக்காக அடுக்கி, விரல்களை வெளியிலிருந்து மூட வேண்டும். குதிரை இழுத்தால் மேல் மடிப்பு முதலில் உருவிப் போகும், பிறகு அடுத்தது. விரல்களை விரித்தால் மொத்தமும் போய்விடும். இதற்கு அடுக்கும் வரிசை முக்கியம்: குதிரைக்கு அருகில் உள்ள பகுதி மேலே இருக்க வேண்டும். தலைகீழாக அடுக்கினால் நடு மடிப்பு முதலில் இழுபட்டு, மற்றவை அதோடு சிக்கிக்கொள்ளும். மடிப்புகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் அளவு நீளமாகவும் இருக்கக்கூடாது, கால் மாட்டும். மீதியை எந்தக் கையில் வைப்பது என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

பல கயிறுகளின் கடைசியில் தைத்த ஒரு காது இருக்கும், கையை நுழைத்துக்கொள்ள அழைப்பது போல. அதில் கையை நுழைப்பதும் சுற்றிக்கொள்வதும் ஒன்றே. அதை வெட்டி எறிந்துவிடுவதே நல்லது. அதற்குப் பதில் கடைசியில் ஒரு தோல் வில்லையோ ரப்பர் தடுப்போ உள்ள கயிறுகளும் கிடைக்கின்றன. பிடிக்க வசதி என்று நடுநடுவே முடிச்சுப் போடுவதும் வேண்டாம். ஓடும் கயிற்றில் முடிச்சு விரலைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும்.

நிற்கும் விதமும் கயிற்றின் பாதுகாப்பில் சேர்ந்ததுதான். இரண்டு பாதங்களையும் சேர்த்து நிமிர்ந்து நிற்கும் 60 கிலோ மனிதரை, மார்புக்குச் சற்றுக் கீழே பிடித்த கயிற்றின் மூலம் முன்னால் கவிழ்க்க 80 நியூட்டன் போதும். 8 கிலோ எடைதான். ஒரு காலை முன்வைத்து, முழங்காலைத் தளர்த்தி, கயிற்றை இடுப்பருகே இறக்கிப் பிடித்தால் அதுவே மூன்று மடங்காகிறது. முழங்கை உடலோடு ஒட்டி மடங்கியிருக்க வேண்டும். நீட்டிய கை முதல் வெட்டிழுப்பைத் தோள்மூட்டில் வாங்கும், மடங்கிய கை நீண்டு கொடுத்து அதிர்ச்சியைப் பரப்பும். குதிமுள் அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டே இருப்பவரின் குதிகால்கள் ஒன்றில் ஒன்று மாட்ட அது போதும்.

இடம்தான் இன்னும் பெரியது. பயிற்சியாளர் ஒரு முக்கோணத்தின் உச்சியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். குதிரையின் மூக்குக்குப் போகும் கயிறு ஒரு பக்கம். பின்தொடையை நோக்கி நீண்ட சவுக்கு மறுபக்கம். குதிரையின் உடல் மூன்றாவது பக்கம். இந்த அமைப்பில் கயிறு குதிரையின் ஓட்டத்துக்கு ஏறத்தாழக் குறுக்காக இருக்கிறது. குறுக்காக வரும் சிறிய இழுப்பு மூக்கை உள்ளே திருப்பும். மூக்கு திரும்பினால் கழுத்து வளையும், நேராகப் பாய்வதற்கான சமநிலை கலையும். ஆனால் குதிரை முந்திப் போய் வாலை மனிதருக்குக் காட்டிவிட்டால், கயிறு ஓட்டத்தின் திசையிலேயே நீண்டுவிடும். அதன் பிறகு அது 500 கிலோவுக்கும் 60 கிலோவுக்கும் நடக்கும் கயிறிழுப்புப் போட்டி. அந்த நிலை வந்தபின் செய்யத்தக்கது ஒன்றே: விட்டுவிடுவது. அனுபவசாலிகள் அதுவரை போகவிடுவதில்லை. குதிரையின் தோள் தங்களைக் கடந்து விலகத் தொடங்கும்போதே ஓரடி எடுத்துவைத்து முக்கோணத்தைச் சரிசெய்வார்கள்.

இழுப்பிலும் ஒரு முறை இருக்கிறது. தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரை அந்த இழுப்பின்மேல் சாய்ந்துகொள்ளும். இழுத்து, உடனே தளர்த்தி, மறுபடி இழுத்துத் தளர்த்தினால் சாய அதற்கு எதுவும் கிடைக்காது. குதிரை பாடம் கற்பது அழுத்தம் நீங்கும் கணத்தில்தான். சரியாகச் செய்ததும் கயிறு தளர்வதே அதற்குப் பரிசு. அந்தப் பரிசு தாமதமானால் பாடமும் குழம்பும்.

கயிற்றை எங்கே மாட்டுவது என்பதில் காவெசன் எனும் தலைக்கட்டுக்குத்தான் முதலிடம். மெத்தை வைத்த மூக்குப்பட்டை, அதன் நடுவில் சுழலும் வளையம். மூக்கு நுனிக்கும் பிடரி உச்சிக்கும் இடையே நெம்புகோலின் நீளம் இருப்பதால் சிறிய விசையே தலையைத் திருப்பப் போதும், வாய்க்கும் நோகாது. கடிவாள வாயிரும்பின் ஒரு பக்க வளையத்தில் நேராக மாட்டினால், வெருண்ட குதிரையின் வாய் கிழியவும் கூடும், வலியே அதை இன்னும் விரட்டவும் கூடும்.

பலர் மறந்துவிடும் ஒரு சாதனம் மைதானத்தின் கதவு. கயிற்றை விட்டால் குதிரை சாலைக்கு ஓடிவிடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தக் கையும் மனதார விடாது. வேலியடைத்து, கதவைத் தாழிட்ட பிறகே பயிற்சியாளருக்கு விடும் சுதந்திரம் கிடைக்கிறது. 60 அடி விட்டத்தில் அமைக்கப்படும் வட்ட வேலிகள் அதற்கு மிகத் தோதானவை. கயிறு இழுபட ஓடும் குதிரை அதைத் தானே மிதித்து மேலும் வெருளும் என்பதால், துரத்தாமல், குரல் கொடுத்துக்கொண்டு அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இளங்குதிரைகளின் முதல் சில நாட்களில் ஒருவர் கயிற்றையும் இன்னொருவர் சவுக்கையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஒரு ஜோடிக் கைக்கு அது அதிக வேலை என்பதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அது.

வட்டத்தில் ஓடுவது குதிரையின் கால்களுக்கு இலேசானதல்ல. உட்புறக் கால்களுக்கும் வெளிப்புறக் கால்களுக்கும் ஒரே மாதிரிச் சுமை விழுவதில்லை. அதனால் இரு திசைகளிலும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், 15, 20 நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சமமின்மையையே மருத்துவர்கள் கருவியாகக் கொள்கிறார்கள். நேர்கோட்டில் ஒளிந்திருக்கும் நொண்டல் வட்டத்தில் தலைகாட்டும். கெட்டித் தரையில் ஒரு முறை, மென்தரையில் ஒரு முறை என்று ஓடவிட்டு, எந்தத் தரையில், எந்தத் திசையில் தலை அதிகம் ஏறி இறங்குகிறது என்று ஒப்பிடுகிறார்கள். நலமான குதிரைகூட வட்டத்தில் சற்றே சமமின்றி நடப்பதை உடலில் பொருத்தும் உணர்கருவிகள் காட்டியிருப்பதால், ஒரே திசையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட சோதனையில் கயிறு பிடிப்பவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் குதிரையின் உண்மையான நடை தெரியாமல் போகும். தொய்வான கயிறு அங்கே நோயறிதலுக்கும் உதவுகிறது.

பயிற்சி முடிந்ததும் குதிரையை வட்டத்தின் விளிம்பிலேயே நிறுத்தி, பயிற்சியாளர் அதனிடம் நடந்துபோக வேண்டும், போகும் வழியில் கயிற்றை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக்கொண்டு. மையத்துக்கு இழுத்து வரவழைத்தால் தொய்ந்த கயிறு அதன் முன்னங்காலடியில் விழும். லாயத்துக்குத் திரும்பியபின் கயிற்றை முழுவதும் அவிழ்த்து உதற வேண்டும். இழைகளுக்குள் புகுந்த மணல் அவற்றை உள்ளிருந்தே அறுக்கும். கொக்கி தைத்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, கொக்கியின் சுழல் சுலபமாகச் சுற்றுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கயிறு அறுவது பெரும்பாலும் அந்த இரண்டு அங்குலத்தில்தான்.